குலமும் தொழிலும்: கணக்கேடு காட்டும் வரலாறு

மக்களின் தொழிலை அரசு எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பது வெறும் எண் கணக்கன்று. மக்களைப் பற்றிய அரசின் எண்ணமும் அதில் அடங்கியுள்ளது.

திருவிதாங்கூரில் 1855-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும், 1891-ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதிகளை அவற்றின் பரம்பரைத் தொழிலைக் கொண்டே வரிசைப்படுத்திற்று. ஒருவர் செய்த வேலை வேறாயினும், குலத்திற்கு விதிக்கப்பட்ட தொழிலே ஏட்டில் நின்றது.

நம் களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அடுத்து வந்த 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு உழைப்போரை ஒன்பது வகையாகப் பகுத்தது. இப்பகுப்புக்குச் செய்யும் வேலையே அளவுகோல், பிறப்பு அன்று. சொந்த நிலத்திலோ, பணமோ விளைச்சலில் பங்கோ கொடுத்துப் பெற்ற பாட்ட நிலத்திலோ பயிர் செய்பவர் ‘பயிரிடுவோர்’ ஆவார். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர் ‘விவசாயத் தொழிலாளர்’ ஆவார்.

2001-இல் அவ்வொன்பதும் நான்காகச் சுருங்கின. ரப்பர் பால் வெட்டுபவரும் கொத்தனாரும் ஆசிரியரும் ‘ஏனைய தொழிலாளர்’ என்னும் ஒரே வகையில் சேர்ந்தனர். 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிற்பகுப்பில் 21 பிரிவுகள் உள்ளன. ஆனால் அது நிறுவனத்தின் தொழிலையே நோக்குவது. பள்ளியின் தலைமையாசிரியரும் காவலாளியும் அதில் ‘கல்வி’ப் பிரிவினரே. எனவே நம்மவர் எப்பிரிவில் உள்ளனர் என்பதோடு, எப்பதவியில் உள்ளனர் என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.

இளைஞர்களே! கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது அருகிருந்து விடை கூறுங்கள். பாட்டத்திற்குப் பயிரிடும் பெற்றோரைக் கூலியாள் என்று எழுத விடாதீர்கள். கற்ற கல்வியின் முதற்பயன் அதுவேயாகட்டும்.