மதிப்பெண் மறைந்த பின்னும் எஞ்சுவது

பள்ளி ஆண்டுகள் ஒரு பட்டதாரியின் பிற்கால வாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற வினாவுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் விடை மதிப்பெண். மதிப்பெண்ணால் கல்லூரி இடம், இடத்தால் வேலை, வேலையால் வாழ்வு என்று அந்தத் தருக்கம் நீள்கிறது. கல்லூரி வாயிலை மதிப்பெண் திறக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பள்ளியின் நெடுங்கால விளைவு, தேர்வுகள் அளக்காத விடாமுயற்சி, தன்கட்டுப்பாடு, கூடிப் பணியாற்றும் பழக்கம் ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டம் இதற்கு முதன்மைச் சான்று. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு மட்டும் முன்பள்ளிக் கல்வி அளிக்கப்பட்டது. அக்குழு பெற்ற நுண்ணறிவு ஈவின் உயர்வு சில ஆண்டுகளிலேயே மறைந்தது. ஆனால் 40 வயதில் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர் அக்குழுவில் 36 விழுக்காடு. மற்றதில் 55 விழுக்காடு. வருவாயிலும் முதற்குழுவே முன்னின்றது. அளந்த திறன் கரைந்த பிறகும் வாழ்வு மாறியிருந்தது என்றால், அந்த மாற்றத்தைச் சுமந்து வந்தது வேறொன்று.

குடும்பப் பின்னணியே வாழ்வைத் தீர்மானிக்கிறது, பள்ளி அதன் நிழல் மட்டுமே என்பது வலுவான மறுப்பு. 123 பேரை வைத்துப் பொதுமுடிவு கூறலாமா என்பது இன்னொன்று. 1985 முதல் 1989 வரை டென்னசியில் 79 பள்ளிகளில் நடந்த ஸ்டார் ஆய்வு இரண்டுக்கும் விடை தருகிறது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தத்தம் பள்ளிக்குள் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்டதால், வகுப்புகளுக்கிடையே தோன்றிய வேறுபாட்டைக் குடும்பத்தின் கணக்கில் எழுத முடியாது. ராஜ் செட்டி குழுவினர் 2011இல் வெளியிட்ட தொடராய்வின்படி, தரமான மழலை வகுப்பால் கிடைத்த மதிப்பெண் ஏற்றம் மேல்வகுப்புகளில் தேய்ந்தது. ஆனால் இளம்வயதில் பெற்ற ஊதியத்தில் அதன் பயன் மீண்டும் தென்பட்டது.

முதலாளி பார்ப்பது சான்றிதழைத்தானே என்று கேட்கலாம். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்காக அமெரிக்காவில் நடத்தப்படும் ஜி.இ.டி. தேர்வைப் பொருளியலறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் ஆராய்ந்தார். அதில் தேறியவர்கள் அறிவுத்திறனில், மேற்படிப்புக்குச் செல்லாத பள்ளியிறுதித் தேர்ச்சியாளர்களுக்கு நிகரானவர்கள். ஊதியத்திலோ இடைநின்றவர்களையே ஒத்திருந்தார்கள். பள்ளியில் தங்கி முடிக்கும் பழக்கத்தைத் தேர்வுத் தேர்ச்சியால் ஈடுசெய்ய முடியவில்லை.

இந்த உண்மை தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே பல தனியார் பள்ளிகள் நடத்தியதால்தான் 2017–18இல் பிளஸ் 1 பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மதிப்பெண் வேட்கைக்கு இன்னொரு தேர்வு மருந்தாகாது. அந்த வேட்கை முதலில் விழுங்குவது ஆய்வகத்தையும் விளையாட்டுப் பாடவேளையையும். தேடலும் தோல்வியைத் தாங்கும் உரமும் கூட்டுழைப்பும் பழகும் இடங்கள் அவையே. ஆகவே ஒரு பள்ளியைத் தேர்ச்சி விழுக்காட்டால் மட்டும் மதிப்பிடுவதை விட்டு, அதன் மாணவர்களில் எத்தனை பேர் பட்டப்படிப்பை இடைநில்லாமல் முடித்தார்கள் என்பதையும் அரசு கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எது எண்ணப்படுகிறதோ அதற்கே பள்ளிகள் நேரம் ஒதுக்கும்.