தனிமந்திரம்: ஒலியா, தெய்வமா? ஆழ்நிலைத் தியானத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆசான் தனியே வழங்கி, பிறரிடம் வெளியிடலாகாது என விதிக்கும் மந்திரத்தைத் தனிமந்திரம் எனலாம். அது தெய்வத்தைக் குறிக்கிறதா, பொருளற்ற ஒலிதானா என்பதில் தியானம் பயில்வோர் கருத்து வேறுபடுகின்றனர். மகரிஷி மகேஷ் யோகி (மறைவு 2008) பரப்பிய ஆழ்நிலைத் தியானத்தில் இவ்வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றது. அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1955இல் கேரளத்தில் நடைபெற்ற மாநாட்டில் மகரிஷி ஆற்றிய உரைகள், தெய்வங்களுக்குரிய மந்திரங்களே தேர்ந்து வழங்கப்படுகின்றன என்றும், அவை அத்தெய்வங்களின் அருளைப் பெற்றுத் தரும் என்றும் கூறுகின்றன. 1957ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் இயக்கம் தொடங்கப்பெற்றது. 1959இல் அவர் அமெரிக்கா சென்ற பின்னர் விளக்கம் வேறாயிற்று. 1963இல் வெளிவந்த அவரது நூலில், ஒலியின் அதிர்வும் அது பயில்வோரின் இயல்புக்குப் பொருந்துவதுமே முதன்மை பெறுகின்றன. சொற்பொருள் வேண்டப்படுவதில்லை.

இவ்விரு விளக்கங்களும் பயில்வோரைப் பிரித்தன. மனத்தை அமைதிப்படுத்தும் கருவியே மந்திரம் என்பர் ஒருசாரார். அவ்வொலிகள் தாந்திரிக மரபின் பீசங்களே எனவும், தெய்வத் தொடர்பை மறைப்பது பயில்வோரை ஏமாற்றுவதாகும் எனவும் மற்றொரு சாரார் வாதிடுவர். இயக்கத்தை விட்டு விலகிய ஆசிரியர் சிலர், வயது முதலியவற்றைக் கொண்டு ஒரு சிறு பட்டியலிலிருந்தே மந்திரம் தரப்படுகிறது என வெளிப்படுத்தினர். இது ‘தனி’ என்னும் அடையையே ஐயத்துக்கு உள்ளாக்கியது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசுப் பள்ளிகளில் இத்தியானம் பாடமாக வைக்கப்பட்டபோது வழக்கு எழுந்தது. மாணவர் மலர், கனி, வெண்ணிறக் கைக்குட்டை ஆகியவற்றுடன் வந்தனர். ஆசிரியர் வடமொழியில் குருபூசை நிகழ்த்தி மந்திரம் வழங்கினார். பாடநூலையும் இச்சடங்கையும் ஆராய்ந்த நீதிமன்றம், இது சமயச் சார்புடையது என 1977இல் தீர்ப்பளித்தது. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. தான் எதில் பங்கேற்கிறான் என்பதை அறியும் மாணவனின் உரிமையும் இங்கு அடங்கியிருந்தது.

மந்திரம் பொருளற்றது என்னும் கருத்து புதியதன்று. வேத மந்திரங்கள் பொருளற்றவை எனக் கௌத்சர் கூறியதை யாஸ்கர் தமது நிருக்தத்தில் மறுக்கிறார். உலக வழக்கிலுள்ள சொற்களே மந்திரங்களிலும் உள்ளன என்பது அவரது வாதங்களுள் ஒன்று. பீசங்களுக்கு அவ்வாதம் பொருந்தாது. அவை வழக்குச் சொற்கள் அல்ல. எனினும் தாந்திரிக மரபு அவற்றைத் தெய்வத்தின் ஒலி வடிவமாகவே கொள்கிறது. எனவே அகராதிப் பொருள் இல்லாமை வேறு, தெய்வச் சார்பு இல்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே பூசலின் வேர் எனலாம்.

தொல்காப்பியச் செய்யுளியலின் மந்திர இலக்கணம் இங்கு நோக்கத்தக்கது. அது நிறைமொழி மாந்தரின் ஆணையை முன்வைக்கிறது. மந்திரத்தின் ஆற்றலைச் சொல்வோரின் தகுதியோடு இணைக்கிறது. நியூ ஜெர்சி வழக்கிலும் மந்திரத்தின் சொற்பொருளைவிட, அது யாரால், எம்முறையில் வழங்கப்பட்டது என்பதே எடைபெற்றது. ஆகவே, தனிமந்திரத்தை ஒலியாக மட்டும் ஆராய்தல் முழுமை பெறாது. வழங்கும் முறையையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும் என்பது தெளிவாகிறது.