தோன்றி என்றொரு பேர்

வைகாசி வெயிலில் காந்தள் இருக்கும் இடம் தெரியாது. வேலியில் கொடி இல்லை, சருகுகூட மிஞ்சியிருக்காது. மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு மட்டும் சும்மா கிடக்கும். ஆடியில் நல்ல மழை ஒன்று விழட்டும், சில வாரத்தில் முளை மேலே வந்துவிடும். ஆவணி தொடங்கி கார்த்திகை வரைக்கும் பூ. தை பிறக்கையில் கொடி காய்ந்து மறுபடி காணாமல் போகும். கார், கூதிர் என்று பழந்தமிழர் பகுத்த பருவங்களுக்குள்ளேயே பூத்து முடித்துவிடும் செடி.

இதற்குத் தமிழில் பெயர்கள் ஏராளம்: காந்தள், கோடல், தோன்றி, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ. தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பெருமையோடு பாடப்புத்தகத்தில் ஏறியது காந்தள். ஆனால் கடல் கடந்து ஊர் சுற்றியது தோன்றி. அதைப் பின்தொடர்ந்து போனால் டச்சு நாட்டு லைடன் பல்கலைக்கழகத் தோட்டம் வரை போகலாம்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்வோம். காந்தளும் கோடலும் தோன்றியும் ஒன்றா, வேறா? கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூப்பட்டியலில் செங்காந்தள் முதலில் நிற்கிறது. கோடலும் தோன்றியும் பிறகு தனித்தனியே வருகின்றன. மூன்றும் வெவ்வேறு செடி என்று வாதிடுவோருக்கு இதுவே பெரிய சான்று. எனக்கு அது போதவில்லை. அதே பட்டியலில் நெய்தல் இரண்டு முறை வருகிறது. கபிலர் தாவரவியல் அட்டவணை போடவில்லை. மகளிர் பறித்துக் குவித்த பூக்களின் பெயர்களை ஓசையோடு அடுக்கினார். உரையாசிரியர்கள் கோடலை வெண்காந்தள் என்றும் தோன்றியைச் செங்காந்தள் என்றும் பிரித்தார்கள். கொடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவு வியப்பாக இராது. இதழ் விரியும்போது பச்சையும் வெளிர்மஞ்சளுமாக இருக்கும். நாள் போகப்போக நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுதும் செந்தீயாகும். ஒரே கொடியில் ஒரே காலையில் இரு நிறத்தையும் காணலாம்.

முல்லைப்பாட்டு இதற்கு ஒத்துழைக்கிறது. கார்காலத்துக் காட்டில் கோடல் உள்ளங்கை போல விரிவதாகவும் தோன்றி குருதி நிறத்தில் பூப்பதாகவும் அடுத்தடுத்துச் சொல்கிறார் நப்பூதனார். கோடு என்றால் வளைவு. கோடல் என்ற பெயர் அதிலிருந்து வந்திருந்தால் மிகப் பொருத்தம். இந்தச் செடியில் வளையாத உறுப்பு குறைவு. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும், இதழ் பின்னோக்கி மடங்கும், சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாகத் திரும்பிக்கொள்ளும். காந்தளைக் ‘காந்து’ என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பதும் இயல்பே, காந்துவது எரிவது. ஆக ஒரு பெயர் வடிவத்தைப் பார்த்தது, ஒரு பெயர் நிறத்தைப் பார்த்தது. தோன்றி மட்டும் செடியின் நடத்தையைப் பார்த்தது. ஒன்றுமில்லாத தரையில் தோன்றுவதால் தோன்றி. தோட்டம் வைத்தவர் யாரோதான் இந்தப் பெயரை இட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் மங்கியது. மலையாளத்தில் பிழைத்தது. தமிழின் ‘ன்ற’ அங்கே ‘ன்ன’ ஆகும்: மூன்று மூன்னு, கன்று கன்னு. அந்த வழியில் தோன்றி, தோன்னி ஆயிற்று. முன்னால் ஒரு ‘மேல்’ சேர்ந்து மேந்தோன்னி. இன்றும் கேரளத்தில் இந்தப் பூவின் பெயர் அதுதான்.

17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைமை அதிகாரியாக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளை வரையவும் எழுதவும் வைத்து ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பன்னிரண்டு தொகுதி நூலை உருவாக்கினார். 1688இல் வந்த ஏழாம் தொகுதியில் இக்கொடி ‘மெண்டோனி’ என்ற பெயரில் இருக்கிறது. ஓராண்டு முன்பே, இலங்கையில் டச்சு மருத்துவராக இருந்துவிட்டு லைடனுக்குத் திரும்பிய பால் ஹெர்மன், அங்குள்ள தோட்டத்தின் பட்டியலில் இதை ‘மெத்தோனிக்கா மலபாரோரும்’ என்று பதிந்திருந்தார்: மலபார்க்காரர்களின் மெத்தோனிக்கா. அந்தக் காலத்து ஐரோப்பியர் வாயில் ‘மலபார்’ என்பது மலையாளியையும் குறிக்கும், தமிழரையும் குறிக்கும். எப்படியோ, சங்கப்பாட்டின் தோன்றி லத்தீன் உடுப்பு மாட்டிக்கொண்டு ஐரோப்பியத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

நிலைக்கவில்லை. தாவரவியலார் லின்னேயுசுக்கு இப்படிப்பட்ட பெயர்கள் பிடிக்காது. கிரேக்கமோ லத்தீனோ அல்லாத பேரினப் பெயர்கள் காட்டுமிராண்டித்தனமானவை, தள்ளத்தக்கவை என்று 1737இல் எழுதியவர் அவர். மெத்தோனிக்காவை வெட்டிவிட்டு ‘குளோரியோசா’ என்று வைத்தார். 1753இல் ‘சுபெர்பா’வும் சேர்ந்தது. மகிமை, பெருமிதம். பூவைப் பார்த்து வாயைப் பிளந்த ஒருவரின் பெயர் அது. செடி என்ன செய்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. அவருக்குப் பின்னும் சிலர் மெத்தோனிக்காவை எழுதிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

கிழங்கைத் தோண்டியவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். ‘வி’ வடிவத்தில் பிளந்த கிழங்கு கலப்பை போல் இருப்பதால் கலப்பைக்கிழங்கு. வடமொழியிலும் கலப்பையை வைத்தே லாங்கலி. அந்த லாங்கலத்துக்கும் நம் நாஞ்சிலுக்கும் உறவு உண்டு என்பது மொழியியலார் கருத்து. வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது கலப்பையின் நுனியை. முளைக்கண் அங்கேதான் இருக்கிறது. நுனி ஒடிந்த கிழங்கு மண்ணில் கிடந்து அழுகும். தண்ணீர் தேங்கினாலும் அதே கதி.

ஈழத்தில் இது கார்த்திகைப்பூ. இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் கார்த்திகையில் வருவதும், விடுதலைப் புலிகள் 2003இல் இதைத் தேசிய மலராக அறிவித்ததும் சேர்ந்து, மாதத்தின் பெயர் அங்கே வேறு கனம் பெற்றது.

தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயியிடம் போய்க் காந்தள் என்றால் சற்று யோசிப்பார்; கண்வலிக்கிழங்கு என்றால் உடனே விலை சொல்வார். அங்கே இது பணப்பயிர். வளைந்த சூல்தண்டு மகரந்தத்தைவிட்டு விலகி நிற்பதால், காலையில் வரிசை வரிசையாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதை ஏற்றுமதியாகிறது, அதிலுள்ள கொல்சிசினுக்காக. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கொல்சிக்கம் என்ற செடியிலிருந்து 1820இல் பிரித்த நஞ்சு அது. கீல்வாதத்துக்கு மருந்தும் அதுவே. இந்தக் கிழங்கிலும் அது உண்டு என்று 1915இல் தெரிந்தது. கருங்கடல் கரையிலிருந்த கோல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கிய செடி அந்தக் கொல்சிக்கம். இன்றைய வகைப்பாட்டில் நம் தோன்றி அதன் குடும்பத்தில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கண்வலி என்ற பெயருக்குக் காரணம் கேட்டால், பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பார்கள். பார்த்துக் கண் வலித்தவர் யாரும் இல்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று மாண்டவர்கள் இலங்கையிலும் இங்கும் உண்டு. வேலியோரம் விளையாடும் பிள்ளையைக் கொடியிடமிருந்து தள்ளி நிறுத்த இந்தப் பெயர் பயன்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். தொட்டியில் வளர்க்கிறவர்கள் கிழங்கை எடுத்துச் சேமிக்கும் மாசி, பங்குனியில் சமையலறைப் பக்கம் அதை வைக்காமல், மேலே பெயரும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.