கோயிற்கல்லும் அணைக்கல்லும்

பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்தது பூலாம்பாடி. மலையேறி நின்று நோக்கினால் மழைநீரின் வழி நமக்குப் புலனாகும். கிழக்குச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளாய்த் திரண்டு வெள்ளாற்றை நாடுகிறது. அந்த வெள்ளாற்றின் நீரையும் கொள்ளிடத்தின் நீரையும் கால்வாய்களால் பெற்றுக்கொண்ட பேரேரி ஒன்று கீழ்த்திசையில், கங்கைகொண்ட சோழபுரத்தருகே இருந்தது. முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் அதுவே. அதனை நீராலாகிய வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. ஏறத்தாழ 16 மைல் நீண்ட அதன் கரையின் எஞ்சிய பகுதியை இன்று பொன்னேரி என்று அழைக்கிறோம்.

நீருக்கு இத்துணை மதிப்பளித்த அந்நகரின் கற்களே பிற்காலத்தில் நீருக்காகப் பெயர்க்கப்பட்டன. காவிரி நீர் கொள்ளிடத்தின் வழியே வீணே கடலில் கலந்த காலம் அது. 1836-இல் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் திட்டப்படி அணைக்கரையில் கீழணை எழுந்தது. அதற்கு வேண்டிய கருங்கல்லுக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதிலைத் தகர்த்தனர். சிற்பக் கற்களும் தப்பவில்லை. இதனை 1855-இல் சென்னையில் வெளியான ஆங்கில விவர நூல் ஒன்று மறைக்காமல் பதிவு செய்துள்ளது. எளிய மக்கள் இயன்றமட்டும் தடுத்தனர், தண்டனையே பெற்றனர். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது.

கீழணையை நாம் பழித்துரைக்க இயலாது. அது தடுத்த நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்பியது. அந்த ஏரியும் முதலாம் பராந்தகன் காலத்துச் சோழர் ஏரியே. சோழர் கோயிலின் கல் சோழர் ஏரிக்கு நீர் தந்தது. அந்நீரால் உழவர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். எனினும் பயன் நல்லது என்பதனால் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? நம் பங்கின் ஆலயச் சுவரை ஓர் அணைக்காக இடிக்க வந்தால், நாமும் முதலில், "எங்களைக் கேட்டீர்களா?" என்றுதானே வினவுவோம்? அம்மக்கள் கேட்டதும் அதுவே. அவர்கள் அணையை எதிர்த்தாரல்லர். தாம் வழிபட்ட இடத்தைக் காக்கவே முன்வந்தனர்.

2004-இல் அக்கோயில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. சிதைந்து நிற்கும் கிழக்கு வாயிலைக் காண்போர் பலரும் அதனைக் காலத்தின் அழிவு என்றெண்ணிக் கடந்து செல்கின்றனர். ஆனால் காலம் மட்டுமா இங்கே அழித்தது?

நம் ஊர்களிலும் பழைய மதகுகளும் கலிங்குகளும் எழுத்துப் பொறித்த பலகைக் கற்களும் சிதறிக் கிடக்கின்றன. சாலைக்கோ கட்டடத்திற்கோ அவற்றில் ஒன்றைப் பெயர்க்க நேருமாயின், ஊராரைக் கேட்போம். இருந்த இடத்தை எழுதி வைப்போம். ஈடு செய்வதாகச் சொன்னால் செய்து முடிப்போம். பொதுநன்மைக்காக இழந்தவர்க்கு நாம் செலுத்த வேண்டிய நீதி இதுவே.