இசைத் தயாரிப்பு மென்பொருள்களின் விசைக் குறுக்குவழிகள்

விசைக் குறுக்குவழி என்பது மென்பொருளின் பட்டியலைத் திறக்காமல், ஒரு விசையையோ பல விசைகளையோ அழுத்திக் கட்டளை ஒன்றை நிறைவேற்றும் முறையாகும். பதிவு செய்தல், வெட்டுதல், மீளக் கேட்டல் ஆகியன திரும்பத் திரும்பச் செய்யப்படும் இசைத் தயாரிப்பில் இது பெரிதும் பயன்படுகின்றது. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 2008 இல் சென்னையில் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியில் இசைத் தொழில்நுட்பமும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது.

அடிப்படைக் குறுக்குவழிகள்

லாஜிக், கியூபேஸ், ரீப்பர், ஆடாசிட்டி ஆகிய நான்கிலும் இடைவெளி விசை (ஸ்பேஸ் பார்) ஒலியை இயக்கவும் நிறுத்தவும் பயன்படுகின்றது. ஆனால், பதிவைத் தொடங்கும் விசை வேறுபடுகின்றது:

* லாஜிக், ஆடாசிட்டி - ஆர்
* ரீப்பர் - கண்ட்ரோல், ஆர்
* கியூபேஸ் - எண் விசைத்தளத்திலுள்ள நட்சத்திரக் குறி

ஒரே விசைக்கு வெவ்வேறு பணிகளும் உண்டு. சி விசை லாஜிக்கில் ஒரு பகுதியைச் சுழற்சியாக ஒலிக்கச் செய்யும். கியூபேசில் தாளக்காட்டியை (மெட்ரோனோம்) இயக்கும். எனவே ஒரு மென்பொருளில் பெற்ற பழக்கம் மற்றொன்றில் அப்படியே உதவாது. இவை யாவும் இயல்பிருப்பு அமைப்புகளே; பயனர் விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ் விசைப்பலகையும் குறுக்குவழிகளும்

1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் ஆர் விசை ஐகாரத்தையும், சி விசை ஒகரத்தையும் தரும். தடங்களுக்குத் தமிழில் பெயரிட்டபின் ஆங்கில உள்ளீட்டுக்குத் திரும்பாவிடில், ஓரெழுத்துக் குறுக்குவழிகள் செயல்படாமல் போகலாம். பதிவைத் தொடங்குமுன் உள்ளீட்டு மொழியைச் சரிபார்ப்பது நன்று.

பார்வையற்றோர் பயன்பாடு

திரையில் சுட்டியின் இடத்தைக் காணவியலாதோருக்குக் குறுக்குவழி வெறும் வசதியன்று. மென்பொருளை இயக்கும் முதன்மை வழி அதுவே. ஆசுத்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கர்ரன் 2006 இல் தொடங்கிய என்விடிஏ என்னும் கட்டற்ற திரைபடிப்பான், விண்டோசு கணினியில் திரையிலுள்ளவற்றைப் படித்துக் காட்டுகின்றது. அதனுடன் வரும் ஈசுபீக் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கும். ரீப்பருக்கான ஓசாரா என்னும் கட்டற்ற நீட்சி, பல விசையழுத்தங்களின் விளைவைத் திரைபடிப்பான் வழியாக அறிவிக்கின்றது.

பயிலும் முறை

இயக்குதல், பதிவு செய்தல், செயல்நீக்கம், வெட்டுதல், சேமித்தல் ஆகியவற்றுக்குரிய விசைகளை முதலில் பழகலாம். பட்டியல்களில் பெரும்பாலும் கட்டளைக்கு எதிரே அதன் குறுக்குவழி குறிக்கப்பட்டிருக்கும். லாஜிக்கில் ஆப்சன், கே விசைகளையும், ரீப்பரில் கேள்விக்குறியையும் அழுத்தினால் முழுப்பட்டியலைக் காணலாம்.