டார்ச் டிப்பும் ராக்கெட் எரியறையும்

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் சி.ஓ.டூ டார்ச்சின் நுனியில் வயரைத் துளைவழி விட்டு அதற்கு மின்சாரம் ஊட்டும் செம்பு டிப்பைக் கைப்பிடிக் கணக்கில் அள்ளித் தருவார்கள். அதே மாவட்டத்தில், நெடுமங்காட்டுப் பக்கம் வலியமலையில், இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் சி.இ.20 கிரையோஜெனிக் என்ஜினை வடிவமைத்தது. 2017 ஜூன் 5 அன்று முதன்முறை பறந்த அந்த என்ஜின்தான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேலடுக்கையும் இயக்கியது. விலையிலும் மதிப்பிலும் இவ்விரண்டும் எட்டாத தொலைவில் நிற்பவை. உலோகத்தில் நெருங்கிய உறவினர்.

டிப்புகளில் இரு வகை உண்டு: சாதாரணச் செம்பு ஒன்று, சற்று விலை கூடிய குரோமியம்-சிர்க்கோனியம் கலந்த செம்பு மற்றொன்று. கிரையோஜெனிக் என்ஜினுடைய எரியறையின் உட்சுவருக்கென விக்ரம் சாராபாய் விண்வெளி மைய உலோகவியலாளர்கள் ஆராய்ந்த கலவையும் ஏறத்தாழ இதுவே. செம்பில் அரை விழுக்காடு அளவுக்குக் குரோமியம், மிகச் சிறிதளவு சிர்க்கோனியம். கூடுதலாகக் கொஞ்சம் டைட்டானியம். பட்டறையும் விண்வெளி மையமும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே உலோகத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி?

டிப்புக்குத் தேவை மின்சாரத்தைக் கடத்தும் திறன், எரியறைக்குத் தேவை வெப்பத்தைக் கடத்தும் திறன். செம்பில் இவ்விரண்டையும் சுமப்பவை அதே எலெக்ட்ரான்கள்தாம். ஒன்றுக்குச் சிறந்தது மற்றதற்கும் சிறந்ததாகிவிடுகிறது. தூய செம்புக்கு ஒரு குறை உண்டு. இழுத்தும் அடித்தும் ஏற்றிய அதன் கடினம் இருநூறு, முந்நூறு டிகிரி செல்சியஸிலேயே தளரத் தொடங்கும். குரோமியத்தின் நுண்துகள்கள் உள்ளே படிந்த கலவையோ ஐந்நூறு டிகிரி அருகிலும் இறுக்கம் விடாது. அதற்காக மின்கடத்தலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். இரு துறையினரும் அந்த விலையை மனமுவந்து கொடுக்கிறார்கள்.

என்னை அதிகம் வியக்கவைப்பது இனிச் சொல்லப்போவது. செம்பு உருகுவது 1085 டிகிரியில். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் வாயு மூவாயிரம் டிகிரியைத் தொடும்; வெல்டிங் ஆர்க் அதையும் மிஞ்சும். இரண்டு இடத்திலும் செம்பு பிழைப்பது வாங்கிய வெப்பத்தை அந்தக் கணமே கடத்திவிடுவதால்தான். எரியறையில் அதை வாங்கிக்கொள்வது மெல்லிய உட்சுவரின் முதுகில் வெட்டிய வாய்க்கால்களில் ஓடும், மைனஸ் 253 டிகிரியில் புறப்பட்ட ஹைட்ரஜன். டிப்பில் வாங்கிக்கொள்வது அது திருகப்பட்ட ஹோல்டர். ஆகவே வாய்க்கால் அடைபட்ட எரியறையும் மரை தளர்ந்த டிப்பும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. கழற்றிய டிப்பின் மரையைப் பாருங்கள்: கறுத்தோ பொரிந்தோ இருந்தால் அங்கே வெப்பம் தேங்கியிருக்கிறது, மின்சாரமும் தத்தளித்திருக்கிறது. கையால் மட்டும் திருகிவிட்ட விலையுயர்ந்த டிப்பைவிட, ஹோல்டரின் இருக்கையைத் துடைத்து, ஸ்பேனரால் அளவாக இறுக்கிய சாதா டிப் நன்றாக உழைக்கும் என்பது என் துணிபு.

மூப்படையும் விதம் வேறு. டிப்பைத் தேய்ப்பது வயர். சுருளின் வளைவு மாறாமல் வருவதால் அது துளையின் ஒரு பக்கத்தையே அரைத்து, வட்டத்தை நீள்வட்டமாக்கும். அப்புறம் வயர் தொடும் இடம் நிலையாக இராது. உள்ளே நுண்பொறி பறக்கும், சீராகப் பொரிந்த ஆர்க்கின் ஓசை விட்டுவிட்டு வரும், ஒருநாள் வயர் டிப்போடு ஒட்டிக்கொள்ளும். எரியறையைத் தேய்ப்பது சூடும் குளிரும். ஒருபுறம் தீ, மறுபுறம் உறைகுளிர். ஒவ்வோர் எரிப்பிலும் வாய்க்கால்மேல் உள்ள சுவர் சிறிது பிதுங்கி, மெலிந்து, கடைசியில் வெடிப்பு விடும். இரண்டுமே உடைவதற்கு முன் உருவம் மாறி எச்சரிப்பவை.

மாற்றும் இடத்தில் ஒப்புமை முறிகிறது. பறக்கும் என்ஜினில் எரியறையை மாற்ற வழியில்லை; அதனால்தான் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் அதைத் தரையிலேயே எரித்துப் பார்க்கிறார்கள். டிப்பை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். அப்படியிருந்தும் பல பட்டறைகளில் துளைக்குள் அரம்போன்ற கம்பியை விட்டுக் குடைந்து ஆயுளை நீட்டப் பார்க்கிறார்கள். குடையக் குடையத் துளை அகலும். அகன்ற துளையில் தொடுகை போகும். மிச்சம் பிடித்த டிப்பின் விலை, தெறித்து ஒட்டிய ஸ்பேட்டரைச் செதுக்கும் கூலியில் கரைந்துவிடும்.

0.8 மி.மீ. வயரில் கேட், கிரில் போன்ற குறைந்த ஆம்பியர் வேலை செய்பவர் சாதாச் செம்பையே வாங்கிச் சீக்கிரம் மாற்றலாம். பஸ் பாடி, டேங்க் வேலைகளில் 1.2 மி.மீ. வயரை 250 ஆம்பியரில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்குக் குரோமியம்-சிர்க்கோனியம்தான் கட்டுப்படியாகும். டிப்பில் பொறித்த எண் வயரின் எண்ணோடு பொருந்த வேண்டும். அலுமினிய வயர் சூட்டில் அதிகம் விரிவதால் அதற்குச் சற்றே பெரிய துளை. திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு: உப்புக் காற்றில் துருவேறிய வயர் எந்தக் கலவையையும் உப்புத்தாள்போல அரைக்கும். மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பையில் கட்டி வைப்பவரின் டிப் அடுத்தவருடையதைவிட நெடுநாள் வரும்.