பங்காளி என்னும் சொல்



ஒரு பாட்டன் வழிவந்த ஆண்மக்கள் ஒருவரையொருவர் பங்காளிகள் என்று கூறிக்கொள்வது நம் நாட்டு வழக்கம். அண்ணன், தம்பி என்னும் சொற்கள் பிறப்பைக் குறிக்கின்றன. பங்காளி என்னும் சொல்லோ சொத்தைக் குறிக்கின்றது. பங்குக்கு உரியவன் பங்காளி. கூடி வாழ்ந்த குடும்பத்தின் பெயரிலேயே, என்றேனும் பிரியவேண்டிய பங்கும் அடங்கியிருக்கின்றது. கொங்கு நாட்டுக் கூட்டுக் குடும்பத்தின் வரலாற்றை நான் இச்சொல்லிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

குடும்பங்கள் கூடி வாழ்ந்தமைக்கு அன்பு ஒன்றே காரணம் என்று கூறுவாருண்டு. அன்பு இருந்தது, அதனோடு கிணறும் இருந்தது. கோவை வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளின் கரைகள் நீங்கலாக, ஏனைய இடங்களில் கிணறே உழவனுக்குக் கதி. பாறையை உடைத்து ஆழமாகத் தோண்டினாலன்றி நீர் கிட்டாது. தோண்டிய பின்னரும் கவலை இறைக்கவேண்டும். ஒருவர் வாரியில் எருதுகளை ஓட்ட, சால் நிறைந்து மேலே வர, மற்றொருவர் வயலில் நின்று மடை திருப்புவார். எருதுகளுக்குத் தீனி, வடத்துக்கும் தோலுக்கும் செப்பம், களையெடுப்பு, கதிரறுப்பு என்று வேலைகள் தொடர்ந்துகொண்டே இருக்கும். தனியொருவனும் அவன் மனைவியும் தாங்கக்கூடிய சுமையன்று இது. ஆகவே அண்ணன் தம்பியர் பிரியாதிருப்பது உழவின் தேவையாயிற்று.

இத்தேவைக்கேற்ப வீடும் அமைந்தது. நடுவில் வானம் தெரியும் முற்றமும், அதனைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் கொண்ட தொட்டிக்கட்டு வீடுகளை இன்றும் சில சிற்றூர்களில் காணலாம். முன்புறத்து ஆசாரத்தில் ஆடவர் அமர்ந்து கணக்கும் வழக்கும் பேசினர். பின்கட்டில் ஒரே அடுப்பில் அனைவருக்கும் உணவு சமைந்தது. அடுப்பு ஒன்றாக இருக்கும்வரை குடும்பம் ஒன்று. அடுப்பு இரண்டானால், சுவர் எழும்பாவிடினும் குடும்பம் இரண்டாயிற்று என்றே ஊரார் கருதினர்.

ஆயினும், முன்னோர் யாவரும் இத்தகைய பெருங்குடும்பங்களில் வாழ்ந்தனர் என்று எண்ணுவது பொருந்தாது. நிலமும் கிணறும் உடையவர்க்கே பங்கு உண்டு. கூலி வேலை செய்து பிழைத்தவர்க்குப் பிரிப்பதற்கு யாதுளது? மேலும், 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் கோவை மாவட்டத்தைக் கடுமையாக வாட்டிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவை நகரைப் பன்முறை தாக்கிற்று. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் வழிபாடே தோன்றியது அதன் அடையாளம். நாடு விடுதலை பெற்ற காலத்தில்கூட இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. பிஞ்சிலேயே உதிர்ந்த உயிர்கள் இக்கணக்கை மிகவும் தாழ்த்தின என்பது மெய். எனினும், பேரன் பேத்தியரின் திருமணத்தைக் கண்ட பாட்டனார் அன்று அரியர். இன்று ஆயுள் நீண்டு, மூன்று நான்கு தலைமுறையினர் ஒருங்கே உயிரோடிருக்கின்றனர்; ஆனால் வீடுகள் பிரிந்துவிட்டன. வரலாற்றின் விந்தை இது.

கூட்டுக் குடும்பத்தின் நன்மைகளைப் பேசுகின்ற நாம், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். நம் பகுதியில் வழங்கிய மிதாட்சர நெறிப்படி, மகனுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உண்டு, மகளுக்கு இல்லை. விடியுமுன் எழுந்து அத்தனை பேருக்கும் கம்பு இடித்துச் சமைத்த மருமகள் பிறந்த வீட்டிலும் பங்காளியல்லள். புகுந்த வீட்டிலும் பங்காளியல்லள். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு வரம்புடைய ஓர் உரிமையை நல்கியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. 1989-இல் தமிழ்நாடு, அதுவரை மணமாகாதிருந்த மகளிருக்கு ஆண்மக்களுக்கு நிகரான பிறப்புரிமையை வழங்கிற்று. 2005-இல் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது. பங்காளி என்னும் சொல்லில் பெண்ணும் அடங்குவதற்கு இத்துணைக் காலம் ஆயிற்று.

பிரிவினை என்றால் பகை என்று அஞ்சுகிறோம். அது எப்போதும் அவ்வாறு முடிந்ததன்று. கோவையை அடுத்த பீளமேட்டில் வாழ்ந்த பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவுக்கு மைந்தர் நால்வர். 1926-இல் அவர்கள் குடும்பச் சொத்தை நான்கு பங்காக அல்லாமல் ஐந்து பங்காக வகுத்தனர். ஐந்தாம் பங்கு அறத்துக்கென ஒதுக்கப்பட்டது. அறமும் ஓர் உடன்பிறப்பாய் அக்குடும்பத்தில் பங்கு பெற்றது எனலாம். அவ்வாறு பிறந்ததே பூ. சா. கோ. அறநிலையம். அதன் கலைக் கல்லூரி 1947-இலும், தொழில்நுட்பக் கல்லூரி 1951-இலும் தோன்றின. பிரிந்த சொத்து இவ்வாறு ஊருக்குப் பொதுவாயிற்று.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின, மாதச் சம்பளம் தனி அடுப்புக்கு வழிவகுத்தது. மின்சார இறைவை பரவப் பரவக் கவலை ஓய்ந்தது. பல கைகள் கூடி இழுத்த நீரை ஒரு விசை இழுத்தது. கூடி வாழ்ந்தே தீரவேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்கள் சிலவற்றை நான் படித்துப் பார்த்ததுண்டு. நிலம் இன்னின்னார்க்கு என்று அளந்து பிரித்தபின், கிணறு பொது, வண்டித்தடம் பொது என்று அவற்றில் எழுதியிருக்கும். இன்னார் இன்ன நாள் நீர் இறைத்துக்கொள்வது என்று முறையும் வகுத்திருக்கும். கிணற்றை இரண்டாக வெட்ட இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். முகம் பார்த்துப் பேசாத பங்காளிகளும் ஒரே கிணற்றில் முறை வைத்து நீர் இறைத்து வாழ்ந்தனர்.

மாணவர்களாகிய நீங்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், உங்கள் வீட்டுப் பழம்பத்திரத்தைப் பெரியோரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். யாருக்கு எது பிரிந்தது, எது பொதுவாய் நின்றது, அதில் எந்தப் பெண்ணின் பெயர் இடம்பெறவில்லை என்று குறித்து வையுங்கள். அரசர் வரலாற்றை எழுதப் பலர் உளர். உங்கள் வீட்டின் வரலாற்றை நீங்கள்தாம் எழுதவேண்டும்.